கூகுள் பிளேயின் விளம்பர ஐடி நூலகம்: ஒரு நிரலரின் மதிப்பீடு

ஆண்ட்ராய்டு செயலியில் விளம்பரம் காட்டி வருவாய் பார்க்கும் எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் கூகுள் பிளே சர்வீசஸின் ‘ஆட்ஸ் ஐடென்டிஃபையர்’ நூலகத்தைத் தொட்டே ஆக வேண்டும். நேரடியாகத் தொடாவிட்டாலும், விளம்பரத்துக்கோ பகுப்பாய்வுக்கோ சேர்த்துக்கொண்ட ஏதாவது ஓர் எஸ்டிகே, அதாவது செயலிக்குள் பொருத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு, அதைத் தன்னோடு அழைத்து வந்திருக்கும். விளம்பரத்துக்காகக் கைபேசியை அடையாளம் காட்டும் விளம்பர ஐடியைப் படித்துத் தருவது ஒன்றே இதன் வேலை. நிரல் பகுதியை மட்டும் மதிப்பிடுவதென்றால் இரண்டு பத்திகளில் முடித்துவிடலாம். ஆனால் கைக்கு வந்த அந்த ஐடி உண்மையானதுதானா, யாருடைய தேவைக்காகக் கேட்கப்பட்டது, கேட்டு வாங்கிய பிறகு எங்கெல்லாம் போய்த் தங்குகிறது என்ற கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நூலகத்தின் நிறையும் குறையும் விளங்கும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையைப் பொறுத்தவரை நம்பகமான நூலகம் இது. அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் சொல்ல வேண்டிய இடங்களில் பேசாமல் இருந்துவிடுகிறது. தான் தரும் விடைக்குக் காரணம் சொல்வதில்லை. தன்னைப் பயன்படுத்தும் அனுமதி நம் செயலிக்குள் யார் வழியாக நுழைந்தது என்பதையும் நாமே தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே விளம்பரத்துக்கு உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம்; ‘இருக்கட்டுமே, பின்னால் உதவும்’ என்று சேர்த்து வைப்பவர்களுக்கு இது வீண் சுமை.

இது வருவதற்கு முன் இருந்த நிலையை நினைத்துப் பார்த்தால்தான் இதற்குரிய மதிப்பைத் தர முடியும். ஐஎம்இஐ எண், வைஃபையின் மேக் முகவரி, ஆண்ட்ராய்டு ஐடி என்று கையில் கிடைத்ததையெல்லாம் விளம்பர நிறுவனங்கள் பயனரின் அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தன. இவற்றில் முதல் இரண்டும் வன்பொருளோடு பிறந்தவை. பயனர் நினைத்தாலும் மாற்ற இயலாதவை. ஆண்ட்ராய்டு ஐடியை மாற்ற வேண்டுமென்றால் கைபேசியையே முழுவதுமாக அழித்துப் புதிதாக்க வேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் பிளே சர்வீசஸின் 4.0 பதிப்போடு, பயனர் விரும்பியபோது மாற்றிக்கொள்ளக்கூடிய விளம்பர ஐடி வந்தது. 2014 ஆகஸ்ட் 1 முதல், பிளே கடைக்கு வரும் புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும், இந்த ஐடி கிடைக்கும் கைபேசிகளில், விளம்பரத்துக்கு இதை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. ஆப்பிள் இதில் முந்திக்கொண்டது: 2012இல் ஐஓஎஸ் 6 பதிப்பிலேயே தன் விளம்பர ஐடியான ஐடிஎஃப்ஏவைக் கொடுத்துவிட்டு, 2013 மே மாதம் முதல் தேதியிலிருந்து மாற்ற இயலாத பழைய கைபேசி அடையாளமான யுடிஐடியைப் படிக்கும் செயலிகளை ஏற்க மறுத்தது. கூகுள் பழைய வழிகளை அடைக்க இன்னும் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பில் மேக் முகவரி எல்லாச் செயலிகளுக்கும் ஒரே போலி முகவரியாகிவிட்டது, 8.0 பதிப்பில் ஆண்ட்ராய்டு ஐடி, செயலியின் கையொப்பச் சாவிக்கு ஏற்ப மாறத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு 10 வந்தபோது ஐஎம்இஐ எண்ணும் சாதாரணச் செயலிகளுக்கு எட்டாததாகிவிட்டது.

இனி நிரலுக்கு வருவோம். செயலியைக் கட்டும் விவரங்கள் அடங்கிய கிரேடில் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் நூலகம் வந்துவிடுகிறது. ‘அட்வர்டைசிங் ஐடி கிளையன்ட்’ வகுப்பின் ஒரே ஒரு முறையை அழைத்தால், ஐடியும், பயனர் விளம்பரக் கண்காணிப்பைக் கட்டுப்படுத்தியிருக்கிறாரா என்பதற்கான ஆம்-இல்லை மதிப்பும் கொண்ட ஒரு பொருள் திரும்பி வருகிறது. இந்த அழைப்பு விடை வரும்வரை காத்து நிற்பது. ஆகவே திரையை இயக்கும் முதன்மைத் திரெட்டில் அழைத்தால் உடனே விதிவிலக்கை (பிழை அறிவிப்பை) எறிந்து செயலியை நிறுத்திவிடுகிறது. புதிதாக வருபவர்களுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். எனக்கோ இந்த நூலகத்தின் மிகச் சிறந்த குணம் இதுதான் என்று படுகிறது. தவறான இடத்தில் அழைத்தவரை முதல் ஓட்டத்திலேயே பிடித்துவிடுவதால், கடைக்குப் போன பிறகு எப்போதாவது ஒருமுறை திரை உறைந்துபோகும் வகைப் பிழை வர வாய்ப்பே இல்லை. காட்லின் மொழியில் எழுதுபவர்கள் பின்னணி வேலைகளுக்கான ஐஓ டிஸ்பாட்சருக்குள் ஒரு கோரூட்டினில் வைத்துவிட்டால் போதும். இது தவிர மூன்று விதிவிலக்குகளுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்: பிளே சர்வீசஸ் கைபேசியில் இல்லாமலே போவது, இருந்தும் பழையதாகவோ முடக்கப்பட்டோ கிடப்பது, இடையில் தொடர்பு அறுந்துபோவது. மூன்றுக்கும் ஒரே விடைதான் சரி: ஐடி கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு பொதுவான விளம்பரத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். விளம்பர ஐடிக்காகப் பிளே சர்வீசஸைப் புதுப்பிக்கச் சொல்லிப் பயனரை வற்புறுத்துவது அழகல்ல.

இதன் கூடப்பிறந்ததான, விளம்பரம் அல்லாத தேவைகளுக்கான ஆப் செட் ஐடி நூலகம், பின்னால் வந்தது என்பதால், காத்து நிற்காமல், விடை பின்னால் வந்து சேரும் ‘டாஸ்க்’ பொருளாகத் தருகிறது. மூத்தது மட்டும் 2013இன் பாணியிலேயே நின்றுவிட்டது. அது பெரிய குறை அல்ல. பத்து வரி உறை எழுதினால் சரியாகிவிடும்.

திரும்பி வரும் ஐடி 36 எழுத்துகள் கொண்டது: எட்டு, பிறகு நான்கு நான்காக மூன்று, கடைசியில் பன்னிரண்டு என்ற கணக்கில் பதினறும எழுத்துகள், இடையில் சிறுகோடுகள். ஆண்ட்ராய்டு இதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தருகிறது. ஐஓஎஸ் பெரிய எழுத்தில் தருகிறது. இரண்டு தளங்களிலிருந்தும் வருவதை ஒரே அட்டவணையில் வைத்துப் பிறகு விளம்பர நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடுபவர்கள், ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், பாதிப் பயனர்கள் பொருந்தவில்லை என்ற அறிக்கையை வைத்துக்கொண்டு காரணம் தேடி அலைய நேரிடும்.

உண்மையான சிக்கல் சிறுகோடுகள் தவிர்த்த 32 இடங்களிலும் பூச்சியம் வரும்போதுதான் தொடங்குகிறது. முன்பெல்லாம் பயனர் தனக்கேற்ற விளம்பரம் வேண்டாம் என்று அமைப்புகளில் குறித்திருந்தாலும் ஐடி வழக்கம்போலச் செயலிக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கூடவே வரும் ஆம்-இல்லை மதிப்பைப் பார்த்து, நாணயமாக நடந்துகொள்வது நிரலரின் பொறுப்பாக விடப்பட்டிருந்தது. எத்தனை பேர் அப்படி நடந்துகொண்டார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2021இன் பிற்பகுதியில் ஆண்ட்ராய்டு 12 கைபேசிகளில் படிப்படியாகவும், 2022 ஏப்ரல் 1 முதல் பிளே உள்ள மற்றக் கைபேசிகளுக்கும் விரிவாகவும், அப்படி விலகிய பயனருக்கு ஐடியின் இடத்தில் பூச்சியங்களே வரும் என்று கூகுள் மாற்றியது. பயனரின் பக்கம் நின்று பார்த்தால் இது பெரிய முன்னேற்றம். வாக்குறுதியாக இருந்தது செயலாகிவிட்டது.

நிரலரின் பக்கம் நின்று பார்த்தால் இது ஒரு பொறி. பூச்சிய ஐடி வெற்று மதிப்பும் அல்ல, காலியான சரமும் அல்ல. அதன் நீளம் சரியாக இருக்கிறது. வடிவச் சோதனையில் தேறிவிடுகிறது. ஆகவே ‘ஐடி இருக்கிறதா’ என்று மட்டும் பார்க்கும் பழைய நிரல் அதை முறையான ஐடி என்றே எடுத்துக்கொள்கிறது. சர்வரில் ஒரு விளம்பரத்தை ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் காட்டக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பதாகக் கொள்வோம். விலகிய பயனர்கள் அத்தனை பேரும் அந்தச் சர்வருக்கு ஒரே ஆள். காலையில் முதலில் செயலியைத் திறந்த மூவரோடு அன்றைய கணக்குத் தீர்ந்துவிட, மீதிப் பேருக்கு விளம்பரமே போகாது. வருவாய் குறைந்ததற்குக் காரணம் தேடுபவர்கள் விளம்பர நிறுவனத்தைச் சந்தேகிப்பார்களே தவிர, தங்கள் அட்டவணையில் ஒற்றை வரிசையாக உட்கார்ந்திருக்கும் பூச்சியத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள். ‘ஒரு கைபேசிக்கு ஒரு கூப்பன்’ என்று விளம்பர ஐடியை வைத்துத் தடுப்பவர்களின் நிலை இதைவிட வேடிக்கையானது: விலகியவர்களில் முதலாமவர் கூப்பனை வாங்கிக்கொள்ள, அடுத்து வரும் அத்தனை பேருக்கும் ‘நீங்கள் ஏற்கனவே பெற்றுவிட்டீர்கள்’ என்ற செய்தி போகும். இந்த ஐடியை விளம்பரத்துக்கும் பயனர் பகுப்பாய்வுக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பிளே கொள்கை சொல்வதால், கூப்பன் கணக்குக்கு இதை வைத்திருப்பதே முறைகேடு என்பது தனிக்கதை.

பூச்சியம் வந்ததற்கான காரணத்தை அந்தப் பூச்சியம் சொல்வதில்லை என்பதுதான் நான் இந்த நூலகத்தின் மேல் வைக்கும் முதன்மையான குற்றச்சாட்டு. பயனர் தன் ஐடியை நீக்கியிருக்கலாம். அல்லது நம் செயலிக்கு அனுமதியே அறிவிக்கப்படாமல் இருக்கலாம். முதலாவது அவருடைய உரிமை, இரண்டாவது நம் கவனக்குறைவு. இரண்டுக்கும் அதே 36 எழுத்துச் சரம். ஐடி கேட்பவருக்குக் காரணத்தையும் ஒரு குறியீடாகத் தந்திருந்தால், பிழை தேடும் நேரம் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

அந்த அனுமதி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு 13, அதாவது நிரலர் கணக்கில் ஏபிஐ 33ஐ இலக்காகக் கொண்ட செயலிகள், ‘ஏடி ஐடி’ என்ற அனுமதியைச் செயலியின் அறிவிப்புக் கோப்பான மேனிஃபெஸ்டில் அறிவித்தால்தான் உண்மையான ஐடி கிடைக்கும். இது பயனரிடம் கேட்டுப் பெறும் அனுமதி அல்ல. நிறுவும்போதே தானாகக் கிடைத்துவிடுவது. கேமராவுக்கும் இருப்பிடத்துக்கும் திரையில் கேள்வி வருவதுபோல இதற்கு எதுவும் வராது. போதாக்குறைக்கு, எஸ்டிகேக்கள் தங்கள் மேனிஃபெஸ்டில் இதை அறிவித்திருந்தால், செயலியைக் கட்டும்போது எல்லா மேனிஃபெஸ்டுகளும் ஒன்றாகக் கலக்கையில் இதுவும் நம் செயலிக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. கூகுளின் சொந்த மொபைல் விளம்பர எஸ்டிகே 20.4.0 பதிப்பிலிருந்து அப்படித்தான் அறிவிக்கிறது. விளம்பர எஸ்டிகே விளம்பர அனுமதியைக் கேட்பது நியாயமே. ஆனால் செயலி எங்கே முறிகிறது என்று பதிவுசெய்வதற்காகவோ, அறிவிப்பு அனுப்புவதற்காகவோ சேர்த்த ஒரு நூலகமும் இதைக் கொண்டுவந்திருக்கலாம். அப்போது விளம்பரமே காட்டாத ஒரு செயலி விளம்பர அனுமதியோடு கடைக்குப் போகும்.

இது பெரும்பாலும் வெளியீட்டு நாளன்றுதான் தெரியவருகிறது. செயலியை வெளியிடும் தளமான பிளே கன்சோலில் ‘இந்தச் செயலி விளம்பர ஐடியைப் பயன்படுத்துவதில்லை’ என்று அறிவித்துவிட்டு, பதிவேற்றிய தொகுப்பில் அந்த அனுமதி இருந்தால், கன்சோல் முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி நிறுத்துகிறது. சேர்த்தது எந்த நூலகம் என்பதை அறிய ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் மேனிஃபெஸ்டைத் திறந்து, அடியில் உள்ள ‘மெர்ஜ்டு மேனிஃபெஸ்ட்’ தாவலைச் சொடுக்கினால், ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்பது வலப்பக்கம் தெரியும். கட்டளை வரியில் வேலை செய்பவர்களுக்கு, பில்டு அடைவின் பதிவுகளுக்குள் உருவாகும் மேனிஃபெஸ்ட் இணைப்பு அறிக்கையில் அனுமதியின் பெயரைத் தேடினால், எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு சேர்த்தது என்பதே எழுதியிருக்கும். பிறகு நம் மேனிஃபெஸ்டில் அதே அனுமதியை எழுதி, அதனோடு ‘டூல்ஸ்’ பெயர்வெளியின் ‘நோடு’ பண்புக்கு ‘ரிமூவ்’ என்ற மதிப்பைக் கொடுத்தால், கலக்கும்போது அது நீங்கிவிடும். இந்த ஒரு வரியை, விளம்பரம் இல்லாத ஒவ்வொரு செயலியின் மேனிஃபெஸ்டிலும் முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும் என்பது என் துணிபு. இன்றைக்கு அனுமதியைச் சேர்க்காத நூலகம் அடுத்த பதிப்பில் சேர்க்காது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஆப்பிள் இதே வேலையை எப்படிச் செய்கிறது என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 2021 ஏப்ரல் 26 அன்று வெளியான ஐஓஎஸ் 14.5 முதல், ஐடிஎஃப்ஏவைப் படிக்க வேண்டுமென்றால் செயலி பயனரிடம் திரையிலேயே கேட்டாக வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்ற விளக்கத்தைச் செயலியின் தகவல் கோப்பில் எழுதாமல் கேட்டால் செயலி முறிந்துவிடும். ஒருமுறைதான் கேட்கலாம், மறுத்தவரிடம் மீண்டும் அந்தக் கேள்வியை எழுப்ப வழியில்லை. இன்னும் கேட்கவில்லை, தடுக்கப்பட்டுள்ளது, மறுக்கப்பட்டது, அனுமதிக்கப்பட்டது என்று நான்கு நிலைகளைத் தனித்தனியே சொல்லிவிடுவதால், பூச்சியம் வந்தாலும் ஏன் வந்தது என்பதில் நிரலருக்குக் குழப்பம் இல்லை. அதிலும் ஒரு முள் இருக்கிறது. செயலி முழுவதுமாகத் திரைக்கு வந்து இயங்கும் நிலையை அடைவதற்குள் கேட்டுவிட்டால் கேள்விப் பெட்டி தோன்றுவதே இல்லை. தொடக்க முறைகளிலேயே அழைப்பை வைத்துவிட்டு, பெட்டி ஏன் வரவில்லை என்று தேடுவது ஐஓஎஸ் நிரலர்களிடையே வழக்கமான காட்சி.

திரையில் கேட்கும் ஒரு கேள்விக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை மெட்டா நிறுவனத்தின் கணக்கே காட்டியது. ஐஓஎஸ் மாற்றங்களால் 2022ஆம் ஆண்டில் தங்களுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் பாதிப்பு இருக்கும் என்று அந்நிறுவனத்தின் நிதி அதிகாரி முதலீட்டாளர்களிடம் சொன்னார். ஆப்பிளின் முறைக்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2025 மார்ச் 31 அன்று பிரான்சின் போட்டி ஆணையம், நோக்கத்தில் தவறு இல்லையென்றாலும் நடைமுறைப்படுத்திய விதம் பிற செயலி நிறுவனங்களுக்குத் தேவையற்ற சுமை என்று கூறி 15 கோடி யூரோ தண்டம் விதித்தது. அதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், கேட்டுப் பெறுவது என்ற ஒன்றில் ஆப்பிளின் பக்கமே என் வாக்கு. ஆண்ட்ராய்டில் பயனர் அமைப்புகளுக்குள் போய், கூகுள் பிரிவைத் திறந்து, விளம்பரங்கள் என்பதைத் தேடி, விளம்பர ஐடியை நீக்க வேண்டும். அப்படி ஓர் ஐடி தன் கைபேசியில் இருக்கிறது என்று தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது.

ஐடியைப் பெற்ற பிறகு செய்யக் கூடாதவற்றைப் பிளே கொள்கை தெளிவாகவே சொல்கிறது. பயனரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் அதை மின்னஞ்சல், தொலைபேசி எண் போன்ற தனிப்பட்ட விவரங்களோடு இணைக்கக் கூடாது; மாற்ற இயலாத கைபேசி அடையாளங்களோடு விளம்பரத்துக்காக இணைக்கவே கூடாது. பயனர் ஐடியை மாற்றிக்கொண்டால் அவர் ஒப்புதல் இல்லாமல் புதியதைப் பழையதோடு முடிச்சுப் போடக் கூடாது. விதியைப் படித்தால் எளிதாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் இதை மீறுபவர்களில் பலர் தெரிந்து மீறுவதில்லை. பயனர் அட்டவணையிலேயே விளம்பர ஐடிக்கும் ஒரு நெடுவரிசை வைத்துவிட்டால், தொலைபேசி எண்ணும் அதுவும் ஒரே வரிசையில் வந்துவிடுகின்றன. இணைப்பு அங்கேயே நடந்துவிட்டது. இன்னொன்று பலர் கண்ணில் படாதது. ஐடியைச் சர்வருக்கு அனுப்பும்போது முகவரியின் வாலில் கேள்விக்குறிக்குப் பின் சேர்த்து அனுப்பினால், வலைச் சர்வரின் அணுகல் பதிவில் ஐபி முகவரியோடும் நேரத்தோடும் சேர்ந்து அது எழுதப்பட்டுவிடும். தரவுத்தளத்திலிருந்து எவ்வளவு ஒழுங்காக அழித்தாலும், அந்தப் பதிவுக் கோப்புகளும் அவற்றின் காப்புப் பிரதிகளும் அப்படியே கிடக்கும். கோரிக்கையின் உடலில் வைத்து அனுப்புவதும், ஒவ்வோர் அமர்விலும் புதிதாகக் கேட்டுப் பெறுவதும், கைபேசியில் எழுதி வைக்காமல் நினைவகத்தோடு நிறுத்திக்கொள்வதும் நல்ல பழக்கங்கள். இந்த விஷயத்தில் நூலகம் நமக்கு உதவியும் செய்வதில்லை, இடைஞ்சலும் செய்வதில்லை.

விளம்பரம் தவிர்த்த மற்ற தேவைகளுக்கு மேலே சொன்ன ஆப் செட் ஐடியே பொருத்தமானது. 2021இல் அறிவிக்கப்பட்ட இது, பிளேயிலிருந்து நிறுவிய, ஒரே வெளியீட்டாளரின் செயலிகளுக்கு இடையே பொதுவானது. பகுப்பாய்வுக்கும் மோசடித் தடுப்புக்கும் பயன்படுத்தலாம், விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்த வெளியீட்டாளரின் எல்லாச் செயலிகளையும் பயனர் நீக்கினாலோ, 13 மாதங்கள் யாரும் அதைக் கேட்காவிட்டாலோ தானாகவே மாறிவிடும். மேலே சொன்ன கூப்பன் கணக்கு இங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஒற்றைச் செயலிக்குள் மட்டும் அடையாளம் போதுமென்றால், முதல் ஓட்டத்தில் ஒரு யுயுஐடியை (தற்செயலாக உருவாகும் தனித்த அடையாளச் சரம்) நாமே உருவாக்கி வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் விட எளிது. எந்த நூலகமும் எந்த அறிவிப்புப் படிவமும் தேவையில்லை.

பிளே சர்வீசஸ் இல்லாத கருவிகளில் இந்த நூலகத்தால் பயனில்லை. ஹுவாவேயின் புதிய கைபேசிகளில் ஓஏஐடி என்ற தனி ஐடியும் அதற்கென்று தனி எஸ்டிகேயும் உள்ளன. அமேசானின் ஃபயர் டேப்லெட்டுகளில் கணினி அமைப்புகளிலிருந்தே ஐடியைப் படித்துக்கொள்ளலாம். அந்தச் சந்தைகளில் வியாபாரம் இல்லாதவர்கள் இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இது இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்வி சில ஆண்டுகளாகவே இருந்துவந்தது. 2022 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டுக்கான பிரைவசி சாண்ட்பாக்ஸ் திட்டத்தை அறிவித்த கூகுள், செயலிகளைக் கடந்து பின்தொடரும் அடையாளங்கள் இல்லாமலேயே விளம்பரம் நடத்தலாம் என்றது. அதை நம்பி விளம்பர ஐடியின் நாட்களை எண்ணத் தொடங்கியவர்கள் பலர். 2025 அக்டோபரில் அத்திட்டத்தின் டாபிக்ஸ், புரொடெக்டட் ஆடியன்ஸ், எஸ்டிகே ரன்டைம் உள்ளிட்ட பெரும்பகுதியைக் கூகுளே கைவிட்டது. ஆகவே இந்த நூலகத்தைச் சுற்றி இப்போது எழுதும் காவல் நிரல், அதாவது பூச்சியச் சோதனையும் அனுமதிச் சோதனையும், சீக்கிரம் வீணாகிவிடும் என்று தள்ளிப்போட இனிக் காரணம் இல்லை.

குழந்தைகளுக்கான செயலி எழுதுபவர்களுக்கு மட்டும் என் பரிந்துரை நேர் எதிரானது. குழந்தைகளை மட்டுமே இலக்காகக் கொண்ட செயலிகள் விளம்பர ஐடியை அனுப்பவே கூடாது என்கிறது பிளேயின் குடும்பக் கொள்கை. ஏபிஐ 33 முதல் அந்த அனுமதியைக் கேட்கவும் கூடாது. இந்தியாவில் 2023இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகள் என்று வரையறுத்து, அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பத்தாம் வகுப்பு வினாத்தாள் செயலியும், பிளஸ் டூ மாணவருக்கான பயிற்சிச் செயலியும் இந்த வரையறைக்குள் வந்துவிடும். அப்படிப்பட்ட செயலியைப் பராமரிப்பவர்கள் நூலகத்தைச் சேர்க்காமல் இருப்பதோடு நிற்காமல், மேனிஃபெஸ்டில் அந்த ‘ரிமூவ்’ வரியை எழுதி, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் இணைப்பு அறிக்கையில் அனுமதியின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் ஒரு சோதனையைத் தானியங்கிக் கட்டுமானத்திலேயே வைத்துவிட வேண்டும்.